எப்படியும் தேறாத அணி

2018 ஜனவரி 7

நேற்று இன்னொரு தோல்வி. பதினோரு புள்ளி வித்தியாசம். முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது. அப்பா இந்நேரம் தன் பனி வாரும் லாரியில் ஏதாவது ஒரு கிராமத்துச் சாலையில் இருப்பார், ரேடியோவில் எங்கள் ஆட்டத்தைப் பற்றி எவனாவது பேசினால் அவனைத் திட்டிக்கொண்டு.

நாலு வெற்றி, ஒன்பது தோல்வி. கல்லூரிக் கூடைப்பந்தில் என் கடைசி ஆண்டு இப்படிப் போகிறது. கோச் ரைனர் வந்து இரண்டாவது ஆண்டு. நல்ல மனுஷி. கத்த மாட்டார், பொய் சொல்ல மாட்டார், ஜெயிக்கவும் மாட்டேன் என்கிறார்.

முன்பு கோச்சாக இருந்தவள் ஸ்டாட்லர், அவள் காலத்தில் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்பதைத்தான் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் ஆட்கள் ஒன்றரை வருடமாகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டாட்லருக்குத் துணை கோச்சாக இருந்த ஃபின்ச், மூன்று பெண்களுக்காகக் கணினி முன் உட்கார்ந்து கணிதத் தேர்வு எழுதியிருக்கிறாள். மார்க் குறைந்தால் ஆட முடியாதே, அதற்காக. அந்த மூன்று பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபின்ச் இப்போது வீடு விற்கிறாள். ஸ்டாட்லர் தெற்கே பெரிய பல்கலைக்கழகத்தில், இதைவிட இரண்டு மடங்கு சம்பளத்தில்.

நான் அப்போது முதலாண்டு. அதே கணிதத்தில் ஒரு முறை சொந்தமாகத் தோற்று, மறு முறை சொந்தமாக 'சி' வாங்கினேன். அந்த 'சி'க்கு அம்மா வீட்டில் ப்ளம் பழம் வைத்த இனிப்பு ரொட்டி, கொலாச்சி, சுட்டாள்.

நாளை மூன்று மணிக்கு உடைமாற்றும் அறையில் கூட்டமாம். விளையாட்டுத் துறை இயக்குநர் டிட்மார் நேரில் வருகிறார். அணித் தோழி டெவோனா செய்தி அனுப்பியிருக்கிறாள்: "டோனட் வாங்கிட்டு வர்றாராம். யாருக்கோ கெட்ட காலம்."

டிட்மாரின் வழக்கம் அது. கெட்ட செய்தி இருந்தால் டோனட் பெட்டியோடுதான் வருவார். போன வருடம் பெட்டி வந்தபோது எங்கள் உடற்பயிற்சிக்காரரை வேலையை விட்டு எடுத்தார்கள்.

ஜனவரி 8

மூன்று பெட்டி.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

டிட்மார் எல்லார் பெயரையும் சொல்லி விசாரித்தார். "டெஸ், அப்பா சௌக்கியமா? இந்தப் பனியில அவருக்குத் தூக்கமே இருக்காதே" என்றார். பிறகு சொன்னார். சங்கம் தண்டிப்பதற்கு முன்னால் எங்கள் பல்கலைக்கழகம், ஹோல்ட் ரிவர் ஸ்டேட், தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறது. நாமாகவே முந்திக்கொண்டால் அவர்கள் கொஞ்சம் இரங்குவார்களாம். ஆகவே இந்த ஆண்டு மார்ச்சில் எங்களுக்கு எந்த டோர்னமென்ட்டும் கிடையாது. லீக் டோர்னமென்ட்டும் இல்லை, தேசிய டோர்னமென்ட்டும் இல்லை. மிச்சமிருக்கும் ஆட்டங்களை ஆடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாரிசோல்தான் கை தூக்கினாள். முதலாண்டுக் குட்டி, லெக்சிங்டனில் இருந்து வந்தவள், அம்மா அப்பா இரண்டு பேரும் இறைச்சித் தொழிற்சாலையில். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"சார், அந்தப் பரீட்சை நடந்தப்ப நான் பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்மா. உங்க மேல யாரும் குத்தம் சொல்லல."

"அப்ப தண்டனை எங்க மேல ஏன் சார்?"

டிட்மார் பெருமூச்சு விட்டார். நிஜமான பெருமூச்சுதான், நடிப்பில்லை. "கொஞ்சம் எதார்த்தமாப் பாருங்க. நாலு ஜெயிச்சிருக்கோம், ஒன்பது தோத்திருக்கோம். இந்த வருஷம் எப்படியும் ஒண்ணும் தேறாது. நாம உண்மையில எதையும் இழக்கல."

எப்படியும் ஒன்றும் தேறாது. எங்கள் அறையில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கோச் ரைனர் தலை குனிந்திருந்தார். அவருக்கும் காலையில்தான் சொன்னார்களாம்.

டோனட்டை யாரும் தொடவில்லை. தவறு — டெவோனா ஒன்று எடுத்தாள். எடுத்து, மெதுவாக, அவர் பார்க்கப் பார்க்கக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஜனவரி 9

அப்பாவிடம் சொன்னேன். மார்ச்சுக்காக லீவு சேர்த்து வைத்திருந்தாராம்.

ஜனவரி 13

ஜெயித்துவிட்டோம். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் வட்டமாக நின்று கையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தோம். எப்போதும் "அணி!" என்று கத்திவிட்டுக் கலைவோம். நான் கேப்டன், எண்ண வேண்டியது நான். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். மாரிசோல் முந்திக்கொண்டு "எப்படியும் தேறாது!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஆடப் போனோம், முதல் பத்து நிமிடத்தில் எதிரணியைத் துவைத்து எடுத்தோம்.

இழக்க ஒன்றுமில்லாத அணி எப்படி ஆடும் என்று டிட்மாருக்குத் தெரியாது போலிருக்கிறது. டெவோனா மூன்று புள்ளி எறிதலை எங்கெங்கிருந்தோ போட்டாள். சாதாரணமாக அங்கிருந்து போட்டால் கோச் உட்கார வைப்பார். இன்று கோச் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

ஜனவரி 27

ஐந்தாவது வெற்றி, தொடர்ச்சியாக. இப்போது மணிக்கட்டில் ஒட்டும் வெள்ளைப் பட்டையில் எல்லாரும் "தேறாது" என்று பேனாவால் எழுதிக்கொள்கிறார்கள். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் அதைப் பனியன் அடித்து விற்கலாமா என்று கேட்டாராம். பல்கலைக்கழகம் கூடாது என்றுவிட்டது.

பிப்ரவரி 3

வெளியூர் ஆட்டம். அவர்கள் மாணவர் பகுதி முழுக்கக் கால்குலேட்டர். ஒவ்வொருவன் கையிலும் ஒன்று. நாங்கள் உள்ளே நுழைந்ததும் தூக்கிக் காட்டினார்கள்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். என் மேல் மோதிவிட்டார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ எனக்கு. பந்தை வாங்கிக் கோட்டில் நிற்கிறேன், மொத்த அரங்கமும் ஒரே குரலில் கேட்கிறது: "ரெண்டும் ரெண்டும் எத்தன? ரெண்டும் ரெண்டும் எத்தன?"

உண்மையைச் சொன்னால் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கூட்டத்தில் கணிதத்தில் ஒழுங்காகத் தோற்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. திரும்பி ஓடும்போது அவர்களைப் பார்த்து நாலு விரலைக் காட்டினேன்.

கோச் பேருந்தில் கண்டித்தார். "கேப்டன் அப்படிச் செய்யலாமா?" என்றார். பிறகு முன் இருக்கையில் போய் உட்கார்ந்து துணை கோச்சிடம் அதை நடித்துக் காட்டுகிறார், கண்ணாடியில் தெரிந்தது.

பிப்ரவரி 8

இன்று அரங்கத்தில் பயிற்சி தாமதமானது. ஏணி போட்டுக் கொடியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதலாண்டில் இருந்தபோது லீக்கை ஜெயித்த கொடி. அதுவும் பல்கலைக்கழகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனையில் சேர்த்தி. அந்த ஆண்டின் வெற்றிகளை எல்லாம் பதிவிலிருந்து எடுக்கிறார்கள்.

எடுப்பது என்றால் எப்படி? கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வெற்றி அழிக்கப்படும். ஆனால் எதிரணியின் தோல்வி அப்படியே இருக்கும். ஆக, ஓர் ஆட்டம் நடந்தது. ஓர் அணி தோற்றது. ஜெயித்தவர் யாரும் இல்லை. படித்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதி இது.

நான் அந்த ஆண்டு முழுக்கப் பெஞ்சில் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தவள்தான். இருந்தும் கொடி கீழே வரும்வரை அங்கேயே நின்று பார்த்தேன். இறக்கியவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சுருட்டி, தரை துடைக்கும் சாமான் அறையில் வைத்தார்கள்.

இறக்க வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஏமாற்றி வாங்கியது எங்கள் தலைக்கு மேல் தொங்க வேண்டாம்.

பிப்ரவரி 17

பதினொன்றாவது வெற்றி. லீக்கில் முதலிடம். டோர்னமென்ட் போக முடியாத அணி முதலிடம்! பத்திரிகைக்காரர்களுக்கு எப்படி எழுதுவதென்றே புரியவில்லை.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலைக் கடையில் நிறுத்தினார்கள். சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பும் இனிப்பான சினமன் ரோலும். சில்லியில் ரோலை முக்கித் தின்பதைப் பார்த்தால் வெளிமாநிலத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நியாயமான தண்டனை எது என்று பேச்சு வந்தது. டெவோனாதான் ஆரம்பித்தாள். அவள் ஒமாஹாக்காரி, என்னோடு சேர்ந்து வந்தவள், நான்கு ஆண்டாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளும் கேப்டன்தான்.

"ஸ்டாட்லருக்கு என்னடி தண்டனை?"

"ஒரு வருஷம் அவ வெளியூர் போயி அணிக்கு ஆள் சேக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வருமாம்" என்றேன்.

"அது தண்டனையா? அது லீவு."

மாரிசோல் சொன்னாள்: "எங்கிட்ட விட்டா, அவங்களைக் கூட்டிட்டு வந்து நடு மைதானத்துல ஒரு மேசை போட்டு, அந்தக் கணக்குப் பரீட்சைய எழுதச் சொல்லுவேன். மூணு மணி நேரம். டிக்கெட் வித்து."

கோச் ரைனர் கூடச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்பு நடந்தது, பெரிய தப்பு. ஆனால் செய்தவள் கண்காணாத இடத்தில் சம்பளம் வாங்குகிறாள். அந்த மார்க்கை எல்லாம் பார்த்து, சரி, இவர்கள் ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டவர் யார்? டிட்மார். அவருக்கு என்ன தண்டனை? எங்களுக்கு டோனட் வாங்கிக் கொடுத்ததுதான். சட்டை அதே நிறம் என்பதற்காக உள்ளே இருக்கும் ஆளைப் பார்க்காமல் அடிப்பதற்குப் பெயர் தண்டனையா?

பிப்ரவரி 21

மறுபடியும் டோனட். இந்த முறை எனக்கும் டெவோனாவுக்கும் மட்டும், அவர் அறையில், ஒரு சின்னப் பெட்டி.

டிட்மாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க இப்படி ஆடுவீங்கன்னு யாரு நெனச்சா?" என்றார். சங்கம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாமாகப் போட்டுக்கொண்ட தடையை நாமாக எடுத்துக்கொள்ளலாமாம், விதியில் இடம் உண்டாம். இந்த ஆண்டு தடையை எடுத்துவிட்டு, அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைப்பது. நாங்கள் மார்ச்சில் ஆடலாம்.

ஒரே ஒரு விஷயம். பல்கலைக்கழகம் தானாகக் கேட்டால் அசிங்கமாகத் தெரியும். ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்றால் கண்ணியமாக இருக்கும். கேப்டன்கள் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு, பத்திரிகைக்காரர்களிடம் நாலு வார்த்தை சொன்னால் போதும்.

வெளியே வந்ததும் டெவோனா என்னைத் தூக்கிவிட்டாள். ஆறடி இரண்டு அங்குலம் நான். தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "மார்ச்சுடி! நாம மார்ச்சுக்குப் போறோம்!"

நானும் கத்தினேன். மறைப்பானேன், கத்தினேன்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் யோசித்தேன். அடுத்த ஆண்டு என்றால் மாரிசோல். அடுத்த ஆண்டு என்றால் முதலாண்டுக்காரிகள் ஐந்து பேரும், இன்னும் வந்தே சேராத குழந்தைகளும்.

பிப்ரவரி 22

எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னோம். கோச் வெளியே போய்விட்டார். "நான் இருந்தா நீங்க மனசுல இருக்கறதப் பேச மாட்டீங்க. நீங்க கேக்காம நானும் எதையும் கேக்கப் போறதில்ல" என்றார்.

பிறகு மாரிசோல், "எடுத்துக்கோங்க" என்றாள்.

"என்னடி?"

"எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். எங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. உங்களுக்கு இல்ல." மற்ற முதலாண்டுக்காரிகளும் தலையாட்டினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஆட்டினாள்.

டெவோனா என்னைப் பார்த்தாள். "பாத்தியா? அவங்களே சொல்றாங்க."

"அவங்க குடுப்பாங்க. குடுக்கறாங்கன்னு நாம வாங்கிக்கிறதா?"

"ஏன் வாங்கக் கூடாது? நாலு வருஷம் உழைச்சிருக்கேன். நான் யாரு பரீட்சையும் எழுதல, எனக்காக யாரும் எழுதல."

"அதையேதான் அடுத்த வருஷம் இவங்களும் சொல்லுவாங்க."

டெவோனா எழுந்து போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த பலகை விழுந்தது. தடை போட்டவர்களை விட்டுவிட்டு நாங்களே ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 23

வேணும். எனக்கு வேணும். இதுக்காகத்தான் எட்டு வயசுல இருந்து ஓடறேன். எனக்கு வேணுங்க, யாருக்கு இல்ல?

பிப்ரவரி 25

அப்பாவை அழைத்தேன். ஏதாவது அறிவுரை சொல்வார் என்று நினைத்தேன். "எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு. நீ ஆடினா வருவேன். ஆடலைன்னா பனி வாருவேன்" என்றார். அம்மா பின்னாலிருந்து முட்டிக்கு என்ன தைலம் போடுகிறேன் என்று கேட்டாள்.

பிப்ரவரி 26

முடிந்தது. நான் முடித்துவிட்டேன்.

டிட்மார் அறைக்கு இருவரும் போனோம். நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை, அது சத்தியம். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "சார், அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவர் ரொம்ப அன்பாகத்தான் பதில் சொன்னார். மேசையைச் சுற்றி வந்து என் தோளைத் தட்டினார். "அத நெனச்சு நீ கவலப்படாத டெஸ். கொஞ்சம் எதார்த்தமாப் பாரு. நீங்க மூணு சீனியரும் போயிட்டா அங்க யாரு இருக்கா? அடுத்த வருஷம் எப்படியும் ஒண்ணும் தேறாது. நாம உண்மையில எதையும் இழக்கல."

வார்த்தைக்கு வார்த்தை. ஜனவரியில் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. ஒன்றரை மாதமாக அதைக் கத்திக்கொண்டு ஆடுகிறோம், கையில் எழுதிக்கொண்டு ஆடுகிறோம், அது தன் வாயிலிருந்து வந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

என் கை மணிக்கட்டில் போன ஆட்டத்துப் பட்டை இன்னும் இருந்தது. அதை நீட்டிக் காட்டினேன். "இது யாரு சொன்னதுன்னு நெனச்சீங்க சார்?"

பார்த்தார். புரிய நேரம் எடுத்தது. காது சிவந்தது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றார்.

"நான் கேக்க மாட்டேன் சார். தடை இந்த வருஷமே இருக்கட்டும். எங்களோட முடியட்டும்."

வராந்தாவில் டெவோனா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "அந்தாளு மட்டமானவன். ஒத்துக்கறேன். அவன் என்ன நெனச்சா எனக்கென்ன? நீ நல்லவளாகறதுக்கு என்னோட மார்ச்சையும் சேத்துக் குடுத்துட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அவள் சொல்வது உண்மை. இருந்தாலும் நான் மாறப் போவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

மார்ச் 1

ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார், தடையைத் தள்ளி வைக்க ஆட்டக்காரர்களே கேட்பதாகச் செய்தி வருகிறதே என்று. டிட்மார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"கேக்கல" என்றேன். "இந்த அணி தேறாதுன்னு சொல்லி எங்களுக்குத் தடை போட்டாங்க. அடுத்த அணி தேறாதுன்னு சொல்லி அத அவங்களுக்கு மாத்தப் பாக்கறாங்க. யாரு தேறுவாங்க தேறமாட்டாங்கன்னு பாத்து தண்டனை குடுக்கறது தண்டனையில்ல. எது மலிவா கெடைக்கும்னு பாத்து வாங்கறது. தண்டிக்கணும்னா கையெழுத்துப் போட்டவங்களத் தண்டிங்க. எங்க தடைய நாங்க அனுபவிச்சுட்டுப் போறோம், எங்களுக்கப்புறம் யாரும் அனுபவிக்க வேணாம்."

என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. கோச் ரைனர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, "என் கேப்டன் சொன்னதுல சேக்கவும் ஒண்ணுமில்ல, எடுக்கவும் ஒண்ணுமில்ல" என்றார். இரண்டு வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான எதிர்ப்பு அதுதான்.

மார்ச் 2

பல்கலைக்கழகத்தின் அறிக்கை வந்திருக்கிறது. "தடையைத் தள்ளி வைக்கும் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை." இயக்குநர் வாரன் டிட்மார்.

டெவோனா இன்னும் என்னோடு பேசவில்லை. காலையில் காபி போட்டாள். ஒரு கோப்பை மட்டும்.

மார்ச் 3

கடைசி ஆட்டம்.

கடைசி ஆண்டுக்காரர்களை வீட்டார் கைபிடித்து மைதானத்தின் நடுவே அழைத்து வருவது வழக்கம். அப்பா சலவை செய்த சட்டை போட்டிருந்தார், காலில் பனி வாரும் பூட்ஸ். நேரே வேலையிலிருந்து வந்திருக்கிறார். அம்மா டப்பா நிறையக் கொலாச்சியோடு மைதானத்துக்குள் வந்துவிட்டாள், வாசலில் வாங்கி வைக்கக் கேட்டதற்குத் தர மாட்டேன் என்றாளாம். டிட்மார் பூங்கொத்து கொடுத்துக் கை குலுக்கினார். அப்பா அவர் கையைத் தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் டெவோனா எனக்குப் பந்தே கொடுக்கவில்லை. முதல் பாதி முழுக்க. கூடைக்கடியில் கை தூக்கி நிற்கிறேன், என்னைப் பார்க்கிறாள், வேறு யாருக்கோ கொடுக்கிறாள். கோச்சுக்கும் புரிந்தது, தலையிடவில்லை.

கடைசி நிமிடங்களில் இருவர் என்னை மறித்து நிற்க, அவர்கள் கைகளுக்கு நடுவே ஊசி நுழையும் இடத்தில் ஒரு பந்து அனுப்பினாள். நான்கு வருடத்தில் அப்படி ஒன்றை அவள் அனுப்பியதில்லை. வாங்கினேன், போட்டேன். திரும்பி ஓடும்போது பக்கத்தில் வந்து, "இன்னும் கோவம்தான்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

ஜெயித்தோம். லீக்கில் முதலிடம். முதலிடம் பிடித்தால் ஏணி போட்டுக் கூடையின் வலையை ஆளுக்கொரு இழையாக வெட்டிக்கொள்வார்கள். எங்களுக்கு ஏணி கொண்டுவரவில்லை. அரங்கத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்று, நாங்கள் கைவைத்துக் கத்துவதைத் திருப்பிக் கத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேர். தேறாது, தேறாது, தேறாது. டிட்மார் எப்போது கிளம்பினார் என்று தெரியவில்லை.

அழுதேன். அதற்கு வெட்கமில்லை.

மார்ச் 8

லீக் டோர்னமென்ட் இன்று தொடக்கம். உடுப்பு, காலணி, முட்டிக் கவசம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். தொலைக்காட்சியை டெவோனா போட்டாள். நாங்கள் இரண்டு முறை அடித்த அணி ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தாள். "நடந்துட்டு வரலாமா?" என்றாள். ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தோம்.

மே 30

சங்கத்தின் தீர்ப்பு. தடை ஏற்கப்பட்டது, அனுபவித்தாகிவிட்டது, இனி இல்லை. ஸ்டாட்லருக்கு அந்த ஒரு வருட லீவு. டிட்மாரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஒரு வரி கூட இல்லை.

2019 மார்ச் 8

ஒன்பது மாதமாக இதில் எழுதவில்லை. பள்ளிக்கூட வேலை சரியாக இருக்கிறது. ஏழாம் வகுப்புக்குக் கணிதம் — ஆமாம், கணிதம், யார் சிரித்தாலும் சரி.

டெவோனா போன வாரம் அழைத்தாள். "வியாழக்கிழம லீவு போடு. டிக்கெட் வாங்கிட்டேன்" என்றாள். நேற்று ஒமாஹாவிலிருந்து வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். டிட்மார் போன மாதம் வேறு மாநிலத்தில் பெரிய பதவிக்குப் போய்விட்டாராம். பிரிவு உபசார விழாவில் கேக் வெட்டினார்களாம். "டோனட் இல்லையா?" என்றேன். "அது நமக்கு மட்டும்தான்" என்றாள்.

எங்கள் பிள்ளைகள் லீக் டோர்னமென்ட்டின் முதல் சுற்றில் ஆடினார்கள். எட்டு அணிகளில் எட்டாவதாகத் தொற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தார்கள். மோசமாக ஆடினார்கள். இருபத்திமூன்று புள்ளியில் தோற்றார்கள். டிட்மார் கணக்கில் தவறே இல்லை, அடுத்த வருடம் ஒன்றும் தேறவில்லை.

மாரிசோல் தலைமுடியில் ஈரத்தோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள். "கேவலமா ஆடிட்டோம் அக்கா. எனக்கு எட்டு தடவ பந்து கை மாறிப் போச்சு. ஃப்ரீ த்ரோ கூட விழல. நீங்க எங்களுக்காக அதெல்லாம்... நாங்க இப்படிப் பண்ணிட்டோம்."

டெவோனா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமாடி, கேவலமாத்தான் ஆடினீங்க. ஆனா ஆடினீங்கல்ல."

பிறகு மூவரும் பக்கத்துக் கடைக்குப் போனோம். மாரிசோல் தன் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் சில்லி சாப்பிட்டாள். அடுத்த மார்ச்சில் என்ன செய்யப் போகிறாள் என்று மேசையில் உப்புப் புட்டியையும் மிளகுப் புட்டியையும் நகர்த்திக் காட்டினாள். டெவோனா குறுக்கே புகுந்து மிளகைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறாய் என்று சண்டை போட்டாள். கடை சாத்தப் போகிறோம் என்று வந்து சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம்.